பைத்தான் கிளாஸ் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மளிகைக் கடையின் பற்று நோட்டைப் பைத்தான் மொழியில் ஒரு கிளாஸாக (விவரங்களையும் அவற்றைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகக் கட்டும் அச்சாக) எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரின் பெயர், இன்றுவரை உள்ள பாக்கி, எழுதிய வரிகள் என்று மூன்றே விவரங்கள். பற்று எழுதவும் வரவு வைக்கவும் இரண்டு மெத்தட்கள், அதாவது கிளாஸுக்குள் எழுதும் செயல்கள். இருபது வரிகூட வராது. ஆனால் புதிதாக எழுதுபவர்கள் சிக்கிக்கொள்ளும் பிழைகளில் முக்கால்வாசி இந்த இருபது வரிக்குள்ளேயே வந்துவிடும்.

கீழே வரும் நிரலிலும் பிழைச் செய்திகளிலும் பைத்தானின் சொற்களை ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். நீங்களே வைக்கும் பெயர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்கும்.

கிளாஸ் பற்றுக்கணக்கு:
    டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர்):
        செல்ஃப்.பெயர் = பெயர்
        செல்ஃப்.பாக்கி = 0
        செல்ஃப்.வரிகள் = []

    டெஃப் பற்று(செல்ஃப், தொகை):
        இஃப் தொகை <= 0:
            ரெய்ஸ் வேல்யூஎரர்("தொகை பூஜ்யத்துக்கு மேல் வேண்டும்")
        செல்ஃப்.பாக்கி += தொகை
        செல்ஃப்.வரிகள்.அப்பெண்ட்(("பற்று", தொகை))

    டெஃப் வரவு(செல்ஃப், தொகை):
        இஃப் தொகை <= 0 ஆர் தொகை > செல்ஃப்.பாக்கி:
            ரெய்ஸ் வேல்யூஎரர்("வரவுத் தொகை சரியில்லை")
        செல்ஃப்.பாக்கி -= தொகை
        செல்ஃப்.வரிகள்.அப்பெண்ட்(("வரவு", தொகை))

பிழை வந்ததும் திரையில் கொட்டும் சிவப்பு எழுத்துகளைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். பிழையின் வகையும் காரணமும் கடைசி வரியில் இருக்கும். அதற்கு மேலே கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்திருங்கள்: இந்தப் பெயர் எதோடு ஒட்டியிருக்கிறது? கிளாஸோடா, அதிலிருந்து உண்டான ஆப்ஜெக்டோடா, மெத்தட்டுக்குள் மட்டும் வாழும் தற்காலிகப் பெயரா? கீழே உள்ள பிழைகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி: "பற்றுக்கணக்கு() டேக்ஸ் நோ ஆர்கியுமென்ட்ஸ்"

பற்றுக்கணக்கு("முருகன்") என்று கூப்பிட்டதும் இது வருகிறது. ஆப்ஜெக்ட் உண்டாகும்போது தானாக ஓடும் இனிட் மெத்தட்டை எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பைத்தான் கண்ணுக்கு அது தெரியவில்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு அடிக்கோடுகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இரண்டு அடிக்கோடுகள் திரையில் ஒட்டி ஒரே கோடாகத் தெரியும் என்பதால் கண்ணால் பார்த்தால் போதாது. கர்சரை நகர்த்தி எண்ண வேண்டும். அதுவும் சரி என்றால் எழுத்து இடம் மாறியிருக்கும். அதுவும் இல்லையென்றால் உள்தள்ளலைப் பாருங்கள்: டெஃப் வரி இடப்பக்க ஓரத்துக்கு வந்திருந்தால் அது கிளாஸுக்கு வெளியே போய்விட்டது.

அறிகுறி: "டேக்ஸ் 1 பொசிஷனல் ஆர்கியுமென்ட் பட் 2 வேர் கிவன்"

ஒரே ஒரு தொகைதானே கொடுத்தோம், இரண்டு என்று ஏன் சொல்கிறது? முருகன்.பற்று(100) என்று எழுதினால் பைத்தான் முருகன் என்ற ஆப்ஜெக்டை முதல் மதிப்பாகத் தானே சேர்த்து அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ள டெஃப் வரியில் செல்ஃப் இல்லை. அடைப்புக்குள் முதலாவதாக அதைச் சேருங்கள்.

அறிகுறி: "மிஸ்ஸிங் 1 ரிக்வயர்ட் பொசிஷனல் ஆர்கியுமென்ட்: 'தொகை'"

இது மேலே சொன்னதன் மறுபக்கம். தொகையைக் கொடுத்திருந்தும் காணோம் என்கிறது. முருகன் = பற்றுக்கணக்கு என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருப்பீர்கள். அப்போது புதுக் கணக்கு எதுவும் திறக்கவில்லை; கிளாஸுக்கே முருகன் என்று இன்னொரு பெயர் வைத்திருக்கிறீர்கள். பிறகு முருகன்.பற்று(100) என்றால் அந்த 100 போய் செல்ஃப் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, தொகை இடம் காலியாகிறது. முருகன் = பற்றுக்கணக்கு("முருகன்") என்று மாற்றுங்கள். காணோம் என்று சொல்லப்படுவது 'பெயர்' என்றால் கதை வேறு: அடைப்புக்குறி போட்டீர்கள், உள்ளே பெயரைக் கொடுக்கவில்லை.

அறிகுறி: ஆட்ரிபியூட்எரர், "ஹேஸ் நோ ஆட்ரிபியூட் 'பாக்கி'"

இனிட்டுக்குள் செல்ஃப்.பாக்கி = 0 என்பதற்குப் பதில் வெறும் பாக்கி = 0 என்று இருக்கும். அது இனிட் முடிந்ததும் மறைந்துவிடும் தற்காலிகப் பெயர். ஆப்ஜெக்டில் ஒட்டவே இல்லை. வேறொரு கிளாஸிலிருந்து இதை நீட்டித்திருந்தால், புது கிளாஸின் இனிட் பழைய இனிட்டை மூடிவிட்டதா என்றும் பாருங்கள். சூப்பர்().__இனிட்__(பெயர்) என்ற வரி விட்டுப்போனால் பாக்கி உருவாகவே உருவாகாது.

மெத்தட்டுக்குள் செல்ஃப் இல்லாமல் பாக்கி += தொகை என்று எழுதினால் அன்பவுண்ட்லோக்கல்எரர் வரும். செல்ஃப் இல்லாமல் வெறும் பாக்கியைப் படித்தால் நேம்எரர். ஒரு மெத்தட்டிலிருந்து இன்னொன்றைச் செல்ஃப் சேர்க்காமல் கூப்பிட்டாலும் நேம்எரர்தான். மூன்றுக்கும் மருந்து ஒன்றே.

அறிகுறி: பிழையே வரவில்லை, பாக்கி மட்டும் ஏறவில்லை

கத்தும் பிழையைவிட இது மோசம். செல்ஃப்.பாகி = செல்ஃப்.பாக்கி + தொகை என்று ஓர் எழுத்து தவறினால், பைத்தான் மறுப்பு சொல்லாமல் 'பாகி' என்று புதிதாக ஒன்றை ஆப்ஜெக்டில் ஒட்டிவிட்டுப் போய்விடும். சந்தேகம் வந்தால் வார்ஸ்(முருகன்) என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஆப்ஜெக்டில் இப்போது என்னென்ன ஒட்டியிருக்கின்றன என்ற பட்டியல் வரும். வேண்டாத பெயர் அங்கே பளிச்சென்று தெரியும். நிரந்தரக் காவல் வேண்டுமென்றால் கிளாஸ் வரிக்குக் கீழே __ஸ்லாட்ஸ்__ = ("பெயர்", "பாக்கி", "வரிகள்") என்று சேருங்கள். அதன் பிறகு பட்டியலில் இல்லாத பெயரை ஒட்ட முயன்றால் உடனே ஆட்ரிபியூட்எரர் வரும்.

அறிகுறி: "'இன்ட்' ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்"

பாக்கி என்ற பெயரில் ஓர் எண்ணும் அதே பெயரில் ஒரு மெத்தட்டும் வைத்திருக்கிறீர்கள். ஆப்ஜெக்டில் ஒட்டிய எண், கிளாஸில் இருக்கும் மெத்தட்டை மறைத்துவிடுகிறது. ஒன்றின் பெயரை மாற்றுங்கள்.

அறிகுறி: செல்வியின் கணக்கில் முருகன் வாங்கிய அரிசி

இரண்டு கணக்கு திறக்கிறீர்கள். முருகனுக்குப் பற்று எழுதினால் செல்வியின் வரிகளிலும் அது தெரிகிறது. பாக்கித் தொகை மட்டும் இருவருக்கும் தனித்தனியாகச் சரியாக இருக்கிறது. இந்தப் பாதிச் சரி, பாதித் தப்பு நிலைதான் பலரையும் தவறான இடத்தில் தேட வைக்கும்.

காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது, வரிகள் = [] என்பதை இனிட்டுக்குள் எழுதாமல் கிளாஸ் வரிக்கு நேர் கீழே எழுதியிருப்பது. அப்போது பட்டியல் ஒன்றே ஒன்றுதான். அது கிளாஸோடு ஒட்டியிருக்கிறது. எல்லா ஆப்ஜெக்டும் அதையே பார்க்கின்றன. பாக்கி = 0 என்பதையும் அங்கேயே எழுதியிருந்தாலும் அது மட்டும் ஏன் குழம்பவில்லை? செல்ஃப்.பாக்கி += தொகை என்ற வரி கிளாஸில் உள்ள 0-ஐப் படித்து, கூட்டி, விடையை அந்த ஆப்ஜெக்டில் புதிதாக ஒட்டுகிறது. அப்பெண்ட் அப்படிப் புதிதாக எதையும் ஒட்டுவதில்லை. இருக்கும் பட்டியலையே நீட்டுகிறது. நீட்டப்படுவது ஊர்ப் பொதுப் பட்டியல்.

இரண்டாவது காரணம் இன்னும் நயமாக ஒளிந்திருக்கும்: டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர், வரிகள்=[]) என்று இயல்புமதிப்பாகக் காலிப் பட்டியலைக் கொடுப்பது. அந்தக் காலிப் பட்டியல் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் புதிதாக உண்டாவதில்லை. டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு முறை உண்டாகி அங்கேயே தங்கிவிடுகிறது. வரிகள்=நன் என்று வைத்து, உள்ளே இஃப் வரிகள் இஸ் நன்: வரிகள் = [] என்று எழுதுவதே சரியான முறை.

பட்டியல் பொதுவாக இருப்பதுதான் காரணம் என்று உறுதி செய்ய, முருகன்.வரிகள் இஸ் செல்வி.வரிகள் என்று கேளுங்கள். ட்ரூ என்று வந்தால் இருவருக்கும் ஒரே பட்டியல். இந்தச் சோதனையை நிரந்தர டெஸ்டாகவே (நிரலைச் சரிபார்க்கும் சிறு நிரலாகவே) எழுதி வைப்பது நல்லது: இரண்டு கணக்கு திற, ஒன்றில் மட்டும் பற்று எழுது, மற்றதில் வரிகளின் நீளம் 0 என்று சரிபார். ஒரே ஒரு ஆப்ஜெக்டை வைத்து எழுதும் டெஸ்ட் எத்தனை இருந்தாலும் இந்தப் பிழை பிடிபடாமல் போகலாம்.

அறிகுறி: பிரிண்ட் செய்தால் பொருந்தாத ஏதோ வருகிறது

"பவுண்ட் மெத்தட்" என்று தொடங்கினால் மெத்தட் பெயருக்குப் பின் அடைப்புக்குறி விட்டுப்போயிற்று. "நன்" என்று வந்தால் மெத்தட்டில் ரிட்டர்ன் இல்லை. உள்ளே பிரிண்ட் செய்வதும் வெளியே விடை தருவதும் ஒன்றல்ல. "ஆப்ஜெக்ட் அட் 0" என்று முகவரி போல வந்தால் பிழையே இல்லை, ஆப்ஜெக்டை எழுத்தில் காட்டும் __ரெப்ர்__ மெத்தட்டை எழுதவில்லை, அவ்வளவுதான். அதை எழுதிவிடுங்கள், டெஸ்ட் தோற்கும்போது வரும் செய்தி அப்போதுதான் படிக்கும்படி இருக்கும்.

அறிகுறி: ஒரே விவரம் கொண்ட இரண்டு ஆப்ஜெக்ட்கள் சமம் இல்லை என்கிறது

இரண்டை ஒப்பிடும் __ஈக்யூ__ மெத்தட்டை எழுதாத வரை சமம் என்றால் அதே ஆப்ஜெக்ட் என்றுதான் பைத்தான் எடுத்துக்கொள்ளும். எழுதினால் ஒரு பக்கவிளைவு உண்டு: அந்த ஆப்ஜெக்டை செட்டில் போடவோ டிக்‌ஷனரியின் சாவியாக்கவோ போனால் "அன்ஹேஷபிள் டைப்" என்று வரும். மாறிக்கொண்டே இருக்கும் கணக்கைச் சாவியாக்குவது எப்படியும் தப்பு என்பதால் அந்த மறுப்பை அப்படியே விட்டுவிடலாம்.

இனி டெஸ்ட் பக்கம்

பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் என்ற டெஸ்ட் கருவி போதும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கிளாஸ் உள்ள கோப்பு ஒன்று, டெஸ்ட் கோப்பு ஒன்று, இரண்டும் ஒரே ஃபோல்டரில். ஓட்டும் கட்டளை: பைத்தான் -எம் யூனிட்டெஸ்ட் -வி. கடைசி எழுத்து ஒவ்வொரு டெஸ்டின் பெயரையும் வரிசையாகக் காட்டச் சொல்கிறது. விடையில் ஃபெயில் (-வி இல்லாமல் ஓட்டினால் எஃப்) என்றால் நீங்கள் எதிர்பார்த்த மதிப்பு வரவில்லை. எரர் (-வி இல்லாமல் ஓட்டினால் ஈ) என்றால் சரிபார்க்கும் வரி சம்பந்தப்படாமலே நிரல் வேறெங்கோ விழுந்தது. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேடினால் நேரம்தான் போகும்.

அறிகுறி: "ரேன் 0 டெஸ்ட்ஸ்"

எதுவுமே ஓடவில்லை. பைத்தான் 3.12-க்கு முன்பு இதற்கும் "ஓகே" என்றே அச்சாகும் என்பதால் பலர் தேறிவிட்டதாக நினைத்து நகர்ந்துவிடுவார்கள். 3.12 முதல் "நோ டெஸ்ட்ஸ் ரேன்" என்று தெளிவாகச் சொல்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில் 'டெஸ்ட்' என்று தொடங்க வேண்டும். டெஸ்ட் கிளாஸ், யூனிட்டெஸ்ட்.டெஸ்ட்கேஸ் என்பதை நீட்டிக்க வேண்டும். மெத்தட் பெயரும் அதே ஆங்கில 'டெஸ்ட்' என்று தொடங்க வேண்டும். தமிழில் 'சோதனை_பற்று' என்று அழகாக வைத்தால் யூனிட்டெஸ்ட் அதைத் திரும்பியும் பார்க்காது. முன்னால் மட்டும் ஆங்கிலமும் பின்னால் தமிழுமாக மெத்தட் பெயர் வைக்கலாம், ஓடும். கோப்பின் பெயரில் அதுவும் கூடாது. டெஸ்ட் கோப்புகளைத் தேடும்போது யூனிட்டெஸ்ட் பயன்படுத்தும் வடிவம் புள்ளியையும் கொம்பு, கால் போன்ற குறிகளையும் எழுத்தாக எண்ணுவதில்லை. அதனால் 'கணக்கு' என்று தமிழில் முடியும் கோப்பைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கோப்புப் பெயர் முழுவதும் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். டெஸ்ட்கள் உள்ஃபோல்டரில் இருந்தால் அதற்குள் __இனிட்__ என்ற காலிப் பைத்தான் கோப்பும் வேண்டும்.

எழுதியது ஐந்து, ஓடியது நான்கு என்றால் இரண்டு மெத்தட்டுக்கு ஒரே பெயர். பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிடும். நகலெடுத்து ஒட்டும்போது பெயரை மாற்ற மறப்பதால் வருவது.

அறிகுறி: டெஸ்ட் ஓட்டினால் தொகையைக் கேட்டு நிற்கிறது

கிளாஸ் கோப்பின் அடியில் இன்புட் வரி இருக்கிறது. டெஸ்ட் கோப்பு அதை இம்போர்ட் செய்யும்போது அடியில் உள்ளதும் சேர்ந்து ஓடுகிறது. அந்தப் பகுதி முழுவதையும் இஃப் __நேம்__ == "__மெயின்__": என்ற வரிக்குக் கீழே உள்தள்ளுங்கள். "மாட்யூல் 'யூனிட்டெஸ்ட்' ஹேஸ் நோ ஆட்ரிபியூட் 'டெஸ்ட்கேஸ்'" என்று வந்தால், உங்கள் கோப்புக்கே யூனிட்டெஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், மாற்றுங்கள்.

அறிகுறி: தனியாக ஓட்டினால் தேறுகிறது, சேர்த்து ஓட்டினால் தோற்கிறது

டெஸ்ட்கள் எழுதிய வரிசையில் ஓடுவதில்லை. பெயரின் அகரவரிசையில் ஓடும். ஒன்று விட்டுச்சென்றதை இன்னொன்று நம்பியிருந்தால் இப்படித்தான் ஆகும். செட்அப் மெத்தட்டில் ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதுக் கணக்கு திறங்கள். அதன் பெயரில் நடுவில் வரும் யூ பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சிறிய எழுத்தானால் யூனிட்டெஸ்ட் அதைக் கூப்பிடாது, டெஸ்டுக்குள் 'கணக்கு' என்ற ஆட்ரிபியூட் இல்லை என்று ஈ வரும். செட்அப் சரியாக இருந்தும் சேர்த்து ஓட்டினால் தோற்கிறது என்றால் மேலே சொன்ன பொதுப் பட்டியல்தான் குற்றவாளி.

அறிகுறி: நிரலை வேண்டுமென்றே கெடுத்தாலும் டெஸ்ட் தேறுகிறது

புது டெஸ்ட் எழுதியதும் கிளாஸில் += என்பதை -= என்று மாற்றி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தோற்காத டெஸ்டுக்கு மதிப்பில்லை. தோற்காமல் போவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று.

அசெர்ட்ட்ரூ(கணக்கு.பாக்கி, 150) என்று எழுதியிருப்பது. இதில் இரண்டாவது இடம் ஒப்பிடும் மதிப்புக்கு உரியதல்ல, தோற்றால் காட்டும் செய்திக்கு உரியது. பாக்கி பூஜ்யமாக இல்லாத வரை இது எப்போதும் தேறும். வேண்டியது அசெர்ட்ஈக்வல்.

அசெர்ட் (கணக்கு.பாக்கி == 150, "தப்பு") என்று அடைப்புக்குள் எழுதியிருப்பது. அடைப்பும் காற்புள்ளியும் சேர்ந்தால் அது இரண்டு உறுப்புள்ள டப்பிள், அதாவது மாற்ற முடியாத பட்டியல். காலியில்லாத டப்பிள் எப்போதும் மெய். பைத்தானிடமிருந்து இதற்கு எச்சரிக்கை வரும், அதைப் படிப்பவர் இருந்தால்.

மூன்றாவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

    வித் செல்ஃப்.அசெர்ட்ரெய்சஸ்(வேல்யூஎரர்):
        செல்ஃப்.கணக்கு.வரவு(500)
        செல்ஃப்.அசெர்ட்ஈக்வல்(செல்ஃப்.கணக்கு.பாக்கி, 100)

வரவு மெத்தட் பிழையை எழுப்பியதும் வித் பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. கீழ்வரி ஓடுவதே இல்லை. அதை வித் பகுதிக்கு வெளியே, இடப்பக்கமாகத் தள்ளி எழுத வேண்டும். இந்த வரி அலங்காரத்துக்கு இல்லை: வரவு மெத்தட்டில் முதலில் கழித்துவிட்டுப் பிறகு சரிபார்ப்பதாக யாராவது மாற்றி எழுதினால், பிழையும் எழும், பாக்கியும் −400 என்று கெட்டிருக்கும். மறுக்கப்பட்ட வரவுக்குப் பிறகும் பாக்கி 100 ஆகவே இருக்கிறதா என்று பார்க்கும் அந்த ஒரு வரிதான் அதைப் பிடிக்கும்.

இதற்கு நேர்மாறாக, பிழை எழ வேண்டிய இடத்தில் எழுந்தும் டெஸ்ட் ஈ என்று விழுந்தால் அசெர்ட்ரெய்சஸ்(வேல்யூஎரர், கணக்கு.வரவு(500)) என்று எழுதியிருப்பீர்கள். அசெர்ட்ரெய்சஸ் தொடங்கும் முன்பே வரவு ஓடிப் பிழை வெளியேறிவிட்டது. மெத்தட்டையும் தொகையையும் பிரித்து, கணக்கு.வரவு, 500 என்று கொடுங்கள்.

எந்தத் தொகைகளை வைத்துச் சோதிப்பது? நடுவாந்தரமான 100, 200 எல்லாம் எளிதில் தேறும். பிழை எல்லையில்தான் இருக்கும். பற்றுக்கு 1, 0, −1. பாக்கி 100 இருக்கும்போது வரவுக்கு 100-ம் 101-ம். கிளாஸில் > என்பதற்குப் பதில் >= என்று இருந்தால், முழுப் பாக்கியையும் தீர்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பும் அந்தப் பிழை 100 என்ற ஒரே எண்ணில்தான் வெளிப்படும்.

அறிகுறி: 0.3-ஐ எதிர்பார்த்தால் 0.30000000000000004 வருகிறது

பத்துக் காசை மூன்று முறை கூட்டினாலே இது வரும். 0.1 என்பதை ஃப்ளோட் என்ற தசம எண் வகை துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. அசெர்ட்ஆல்மோஸ்ட்ஈக்வல் ஏழு தசம இடம் வரை ஒப்பிட்டு டெஸ்டைத் தேற்றிவிடும். ஆனால் பணக் கணக்கில் அது நோயை விட்டுவிட்டு வலியை மறைப்பது. எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாக வைத்து, காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுங்கள். மாற்றும் இடத்திலும் கவனம் தேவை: இன்ட்(19.99 * 100) என்றால் 1999 வராது, 1998 வரும். பெருக்கலின் விடை 1999-க்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறது, இன்ட் அதை வெட்டிவிடுகிறது. ரவுண்ட் போடுங்கள், அல்லது டெசிமல்("19.99") என்று சரமாகவே கொடுத்துத் தொடங்குங்கள். மேற்கோள் இல்லாமல் டெசிமல்(19.99) என்றால் ஃப்ளோட்டின் பிசிறு அப்படியே உள்ளே வந்துவிடும்.

அறிகுறி: திருத்திய பிறகும் பழைய பிழையே வருகிறது

கோப்பைச் சேமித்தீர்களா என்பது முதல் கேள்வி. இன்டராக்டிவ் சாளரத்திலோ ஜூபிட்டர் நோட்புக்கிலோ ஓட்டினால், ஒரு முறை இம்போர்ட் ஆன கோப்பை மறுபடி படிக்காது. ஏற்கெனவே உண்டான ஆப்ஜெக்ட்கள் பழைய கிளாஸையே பிடித்துக்கொண்டிருக்கும். மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

அறிகுறி: "கோபால்" என்பதும் "கோபால்" என்பதும் சமம் இல்லையாம்

தமிழில் எழுதுபவர்களுக்கே வாய்த்த பிழை இது. அசெர்ட்ஈக்வல் தோற்று, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரி காட்டும். எத்தனை முறை பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. 'கோ' என்பதைக் க-வுடன் ஓகாரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், க-வுடன் ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லென் போட்டுப் பாருங்கள்: ஒன்று 6, மற்றது 7. அஸ்கி() கொடுத்தால் உள்ளே இருக்கும் குறியீடுகள் வரிசையாகத் தெரியும்.

மாறிகள், மெத்தட்கள் ஆகியவற்றின் பெயர்களில் இந்த வேறுபாட்டைப் பைத்தான் தானே சமன்படுத்திக்கொள்கிறது. மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களைத் தொடாது. எனவே இனிட்டிலேயே செல்ஃப்.பெயர் = யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்("என்எஃப்சி", பெயர்) என்று ஒரு முறை சமன்படுத்திச் சேமியுங்கள். இரண்டு வடிவிலும் ஒரே பெயரைக் கொடுத்து ஒரு டெஸ்டும் எழுதுங்கள். 'ஔவை'யில் ஔ-வுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடித்திருந்தால் மட்டும் நார்மலைஸ் கைகொடுக்காது. யூனிகோடைப் பொறுத்தவரை அவை வேறு எழுத்துகள். உள்ளிடும் இடத்திலேயே மாற்றினால்தான் உண்டு.